இறால் ஏற்றுமதி நிவாரணத்தில் உரிக்கும் கைகளுக்கு ஒரு பத்தி: திறந்த மடல்

கடல் உணவு ஏற்றுமதிக் கொள்கையை வகுக்கும் ஒன்றிய அரசு அதிகாரிகளுக்கும், உறைய வைத்த இறாலை அனுப்பும் ஏற்றுமதியாளர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

2025 நவம்பர் 12-ஆம் தேதி ஒன்றிய அமைச்சரவை, ஏற்றுமதி மேம்பாட்டுக்கென ஆறு நிதியாண்டுகளுக்கு 25,060 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. ஏற்றுமதியாளர்கள் கூடுதலாக வாங்கும் கடனில் 20,000 கோடி ரூபாய் வரைக்கும் அரசு உத்தரவாதம் நிற்கும் என்பதும் அன்றே முடிவாயிற்று. இரண்டு நாள் கழித்து ரிசர்வ் வங்கி, அமெரிக்க வரியால் பாதிக்கப்பட்ட ஏற்றுமதியாளர்கள் செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை கட்ட வேண்டிய தவணைகளைத் தள்ளிவைக்க வழி செய்து, அனுப்பிய சரக்கின் பணத்தை நாட்டுக்குள் கொண்டுவர வேண்டிய கெடுவையும் 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டியது. இந்த அறிவிப்புகளை நான் ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். சலுகை பெறும் ஆலை தன் தொழிலாளர்களுக்கு வேலை நாளையோ கூலியையோ குறைக்கக் கூடாது என்ற நிபந்தனை எதையும் அவற்றில் நான் காணவில்லை. அந்த விடுபடலைப் பற்றித்தான் இந்த மடல்.

தூத்துக்குடி வட்டாரத்தில் இறால் பதனிடும் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2025 அக்டோபரில் விலகியவள் நான். ஆலையின் பெயரை எழுதவில்லை. அது மற்றவற்றைவிட மோசமான ஆலையன்று, நான் பார்த்த சிலவற்றைவிட மேலானது என்பதே காரணம். நான் எழுதுவது அங்கே நடந்தது மட்டுமே என்றாலும், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எவருக்கும் இதில் புதிதாக ஒன்றும் இராது.

நடந்ததை நாள்வரிசையில் சொல்கிறேன். 2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 25 விழுக்காடு வரி விதித்தது. 27-ஆம் தேதி அது 50 விழுக்காடாயிற்று. மலிவு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்க இறாலுக்கு முன்பே இருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரியும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் மானியத்தை ஈடுகட்டும் மானிய ஈட்டு வரியும் அதன் மேல் சேர, மொத்தச் சுமை 58 விழுக்காட்டை ஒட்டி நின்றது. 2024-25-இல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைய வைத்த இறால் 7,41,529 டன். அதில் 3,11,948 டன் அமெரிக்காவுக்குச் சென்றது. ஆகவே எங்கள் ஆலையில் அந்த வாரம் பரபரப்பு எழுந்ததில் வியப்பில்லை. வியப்பு, அந்தப் பரபரப்பு எவ்வளவு விரைவில் மேலிருந்து கீழே இறங்கியது என்பதில்தான். 29-ஆம் தேதி காலை, உடை மாற்றும் அறையின் சுவரில் கைகழுவும் முறையை விளக்கும் படத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. கிலோவுக்கு 18 ரூபாயாக இருந்த உரிகூலி அன்று முதல் 15 ரூபாய். வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ‘சரக்கு வரத்தைப் பொறுத்து’ என்று மாறியது. ஒடிசாவிலிருந்து ஏஜென்ட் மூலம் வந்து ஆலை விடுதியில் தங்கியிருந்த பெண்களில் பாதிப் பேர் அடுத்த பத்து நாளுக்குள் ரயில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய பெயர்கள் ஆலையின் சம்பளப் பதிவேட்டில் எப்போதுமே இருந்ததில்லை என்பதால், யாரும் வேலையிழந்ததாக எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை.

வங்கித் தவணைக்கு நிவாரணம் வர நவம்பர் ஆயிற்று. மேசையில் நிற்கும் பெண்ணின் கூலி குறைய இரண்டு நாள் போதுமாயிருந்தது.

இனி, நீங்கள் கவனிக்கத் தவறுகிறீர்கள் என்று நான் கருதும் இடத்துக்கு வருகிறேன். அமெரிக்காவுக்குப் போகும் இறாலில் பெரும்பகுதி தலை கிள்ளி, ஓடு உரித்து, நரம்பு எடுத்து, சமையலறையில் கொட்டினால் போதும் என்ற பக்குவத்தில் போவது. அந்த ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பெண்ணின் விரல் வேண்டும். சீனாவுக்குப் போவது பெரும்பாலும் தலையோடும் ஓட்டோடும் போகிறது. கழுவி, அளவு பிரித்து, உறைய வைத்துப் பெட்டியில் அடுக்கினால் முடிந்தது. ஆகஸ்டுக்குப் பிறகு எங்கள் ஆலையின் கண்டெய்னர்கள் சீனாவின் பக்கமும், வாங்கி மறுபடி பதனிடும் வியட்நாமின் பக்கமும் திரும்பின. ஏற்றுமதியாளர் என்ற வகையில் அது கெட்டிக்காரத்தனம்; அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படிச் சந்தை மாறும்போது, டன் கணக்கும் டாலர் கணக்கும் பெரிதாகச் சரியாமல் நிற்க, உரிக்கும் மேசைகள் மட்டும் காலியாகின்றன. ‘புதிய சந்தைகளைப் பிடித்துவிட்டோம், ஏற்றுமதி தாக்குப்பிடித்துவிட்டது’ என்று ஆண்டு முடிவில் நீங்கள் ஓர் அறிக்கை வெளியிடக்கூடும். அதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் சரியாகவே இருக்கும். அந்த அறிக்கை வெளியாகும் நாளில் எங்கள் ஊரில் உரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நூறு நாள் வேலைக்கோ கருவாட்டுத் தளத்துக்கோ போய்க்கொண்டிருப்பார்கள். இறால் எத்தனை டன் என்று எண்ணுகிறீர்கள். அதை உரித்தவர் எத்தனை பேர், எத்தனை நாள் என்று எண்ணுவதில்லை. எண்ணாததற்கு நிவாரணம் எப்படி ஒதுக்க முடியும்?

கிலோவுக்கு 15 ரூபாய் என்பது எதைக் குறிக்கிறது என்றும் விளக்க வேண்டும், ஏனெனில் இதை அறியாதவர்கள் கொள்கை வகுக்கும் மேசையிலும் இருக்கக்கூடும். பண்ணையில் 40 கவுண்ட் என்றால் ஒரு கிலோவுக்கு நாற்பது இறால்; 100 கவுண்ட் என்றால் நூறு. தலையும் ஓடும் போனால் முழு இறாலின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் சதையாக நிற்கும். ஆகவே 40 கவுண்டில் ஒரு கிலோ சதை சேர்க்க எழுபது எண்பது இறாலை உரித்தால் போதும். 100 கவுண்டில் இருநூறை நெருங்க வேண்டும். கூலியோ இரண்டுக்கும் ஒன்று. ஆகஸ்டுக்குப் பிறகு பண்ணைக்காரர்களும் விலை இன்னும் விழுமோ என்று பயந்து, வளர்ந்து முடியாத இறாலை முன்கூட்டியே பிடித்து அனுப்பினார்கள். எங்களுக்கு வந்து சேர்ந்ததில் பொடி இறால் கூடிக்கொண்டே போனது. கூலி குறைந்தது தாளில் மூன்று ரூபாய். கையில் குறைந்தது அதைவிட மிக அதிகம். மூன்று மணி நேரத்தில் நிறைந்த டப்பா நிறைய ஆறு மணி நேரமாயிற்று.

எடை போடும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உரித்த சதையை ஓட்டைத் தட்டில் கொட்டி, நீர் முற்றிலும் வடிந்த பிறகே அந்தப் பெண்ணின் கணக்கில் எடை ஏறும். அது முறைதான், நீருக்குக் கூலி கொடுக்க முடியாது. அடுத்த அறையில் அதே சதையைப் பாஸ்பேட் கரைசலில் ஊற வைத்து, அது நீரை உறிஞ்சி எடை கூடிய பிறகு உறைய வைத்து விற்கிறோம். இதுவும் வாங்குபவர் ஒப்புக்கொண்ட, சட்டம் அனுமதிக்கும் முறைதான். இரண்டு அறைகளிலும் எடைச் சீட்டில் கையெழுத்துப் போட்டவள் நான் என்பதால், ஒரே இறாலில் நீர் எந்த அறையில் யாருக்குச் சேர்கிறது என்பதை நன்றாக அறிவேன்.

இப்போது கைகளைப் பற்றி. இறாலின் தலையில் செரிமானச் சுரப்பி இருக்கிறது. கிள்ளும்போது வடியும் நீரில் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் உண்டு. அதோடு பனிக்கட்டியின் குளிரும், கழுவும் நீரின் குளோரினும், தலையில் நீண்டிருக்கும் கூர்முள்ளின் குத்தும் நாள்தோறும் சேர, சில மாதங்களில் விரல் நுனியின் தோல் வெளுத்துப் பிய்ந்து, ரேகை தேய்ந்துவிடுகிறது. கையுறை கொடுக்கிறோம். கையுறையோடு உரித்தால் வேகம் குறைகிறது. கிலோக் கூலிக்கு நிற்பவர் வேகத்தை எப்படி விட்டுக்கொடுப்பார்? கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கையுறையைக் கிழித்துவிட்டு உரிப்பதுதான் நடைமுறை. ஆலையில் கைரேகை வருகைப் பதிவு இயந்திரம் வந்த ஆண்டு, பதினொரு ஆண்டுகளாக உரித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா வாசலில் கட்டைவிரலை வைத்து வைத்துப் பார்த்தார். கையை முந்தானையில் துடைத்தார், ஊதினார், இடது கையை வைத்தார், இயந்திரம் ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கையே காட்டியது. பின்னால் நின்ற வரிசை முணுமுணுக்கத் தொடங்கியதும் என்னைப் பார்த்து, “ரேஷன் கடையிலயும் இதே கதைதான் மேடம், எம்மவளக் கூட்டிட்டுப் போய்த்தான் அரிசி வாங்குறேன்” என்றார். நான் அவர் பெயரைக் கையால் எழுதி உள்ளே அனுப்பினேன். அன்று மட்டும் அப்படி எழுதிய பெயர்கள் முப்பதுக்கு மேல்.

இதில் என் பங்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கையில் திறந்த காயம் உள்ளவர் உணவைத் தொடக் கூடாது என்பது விதி, சரியான விதி. ஒவ்வொரு நாள் காலையும் வரிசையாகக் கைகளை நீட்டச் சொல்லிப் பார்ப்பது என் வேலை. காயம் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பினால் அன்றைய கூலி இல்லை. பதினேழு ஆண்டுகளில் எத்தனை பேரை வாசலோடு அனுப்பியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால் காயம் குறைந்ததா என்றால் இல்லை. மஞ்சளைக் குழைத்து அப்பிக் காயத்தை மறைத்துக்கொண்டு வரக் கற்றார்கள். பிறகு மஞ்சள் பூசிய விரலையெல்லாம் சந்தேகிக்க நானும் கற்றேன். அந்த ஒரு நாள் கூலியைக் கொடுத்திருந்தால் காயத்தை அவர்களே காட்டியிருப்பார்கள், உணவும் பாதுகாப்பாக இருந்திருக்கும். இதை நான்கு முறை நிர்வாகத்துக்கு எழுதினேன். ‘வாங்குபவர் தணிக்கையில் இது கேட்கப்படுவதில்லை’ என்பது எனக்குக் கிடைத்த பதில்.

அந்தப் பதில் உண்மை என்பதுதான் என்னை உறுத்துகிறது. தணிக்கையில் கேட்பதெல்லாம் எங்கள் ஆலையில் உண்டு. பண்ணைக் குளத்தின் பதிவு எண், குஞ்சு எந்தப் பொரிப்பகத்திலிருந்து வந்தது, பிடிப்புக்கு முன் செய்த நுண்ணுயிர்க்கொல்லிச் சோதனையின் முடிவு, லாரி வந்து சேர்ந்தபோது இறாலின் வெப்பநிலை, குளிர்க்கிடங்கு மைனஸ் 18 பாகைக்கு மேல் ஏறிய நிமிடங்கள் என எதைக் கேட்டாலும் கால் மணி நேரத்தில் எடுத்து நீட்டுவேன். இவையெல்லாம் தானாக வந்துவிடவில்லை. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் குறைபாடுகளைக் காட்டி இந்திய மீன்பொருள்களுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில், உணவு எங்கே கெடக்கூடும் என்று முன்கூட்டியே கண்டு தடுக்கச் சொல்லும், கடல் உணவுக்கான இடர்ப் பகுப்பாய்வு விதி நடைமுறைக்கு வந்தது. அந்த இரண்டு அடிகளுக்குப் பிறகுதான் உரிக்கும் கொட்டகைகளுக்குக் குளிரூட்டிய அறையும், கால் நனைக்கும் தொட்டியும், ஓடும் நீரும் வந்தன என்பதை என் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கட்டாயம் வந்தால் இந்தத் தொழில் மாறும், மாறியும் இருக்கிறது. வெப்பநிலைக்கு ஏடு வைக்கத் தெரிந்த ஆலைக்குக் கூலிக்கு ஏடு வைக்கத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஏற்றுமதியாளர்கள் சொல்லக்கூடியதையும் நான் அறிவேன். நமக்குப் போட்டியாக இறால் அனுப்பும் ஈக்வடாருக்கு 2025-இல் அமெரிக்கா விதித்தது 15 விழுக்காடு, நமக்கு 50. அந்த இடைவெளியை எந்த ஆலையும் தன் இலாபத்திலிருந்து மட்டும் நிரப்ப முடியாது. வாங்குபவரோ ஒரு சென்ட்டுக்கும் பேரம் பேசுகிறார். சில ஆலைகள் உண்மையிலேயே மூடும் நிலைக்கு வந்தன. இதையெல்லாம் மறுக்கவில்லை, அதனால்தான் அரசு கைகொடுத்ததையும் நான் எதிர்க்கவில்லை. பொதுப்பணத்தின் உத்தரவாதத்தில் நிற்கும் ஆலை, அந்தப் பணத்தில் ஒரு பங்குக்கு உரியவர்களை முதல் நாளே வெளியே நிறுத்தியதை எதிர்க்கிறேன். பண்ணைக்காரர்களின் குறை தனி. அதை அவர்களே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை புதிதாக எதையும் நான் கேட்கவில்லை. எண்ணிக்கைக்கோ எடைக்கோ கூலி பெறுபவருக்கு, நேரக் கணக்கில் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. வேலைக்கு வந்தவருக்கு வேலை கொடுக்காமல் நிறுத்தியது முதலாளியின் காரணத்தால் என்றால் முழு நாள் கூலி உண்டு என்பதும் அப்படியே. ஆனால் காலை ஆறு மணிக்கு வேனில் வந்து, லாரி வரவில்லை என்று பத்து மணிவரை உட்கார்ந்துவிட்டு, பத்து ரூபாய்த் தேநீரோடு திரும்பிப் போன பெண்களை நான் வாரத்தில் இரண்டு நாளாவது பார்த்தேன். அவர்கள் ஏஜென்டின் ஆட்கள் என்றது ஆலை. ஆலை சரக்கு தரவில்லை என்றார் ஏஜென்ட்.

ஆகவே என் கோரிக்கைகளை நேரடியாக வைக்கிறேன்.

முதலாவது, ஒன்றிய அரசின் அதிகாரிகளுக்கு. கடன் உத்தரவாதமோ தவணைத் தள்ளிவைப்போ ஏற்றுமதி ஊக்கத்தொகையோ பெறும் ஒவ்வொரு இறால் ஆலையும், 2025 ஜூலை மாதத்தில் தன் வளாகத்திலும் தனக்காக உரிக்கும் வெளிக்கொட்டகைகளிலும் வேலை செய்தவர்களின் எண்ணிக்கை, வேலை நாள், கூலி ஆகியவற்றை ஏஜென்டின் ஆட்களையும் சேர்த்து எழுதிக்கொடுக்க வேண்டும். சலுகை நீடிக்கும் காலம் முழுவதும் அந்தக் கூலி விகிதம் குறையாமலும், வேலை நாள் குறைந்தால் குறைந்த நாளுக்குச் சட்டப்படியான ஈடு கொடுத்தும் வர வேண்டும். தவறினால் சலுகை நிற்க வேண்டும். சந்தை மாறியதால் உரிப்பு வேலையே குறைந்துபோன ஆலைகளில் அந்த ஈட்டின் ஒரு பகுதியை நிவாரண நிதியிலிருந்தே அரசு ஏற்கலாம். ஆலைக்குக் கடனாகப் போகும் தொகையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. அத்துடன், டன்னையும் டாலரையும் வெளியிடும் ஆண்டுப் புள்ளிவிவரத்தில் இனி இந்த வேலை நாள் கணக்கும் ஒரு நிரலாக இடம்பெற வேண்டும்.

ஏற்றுமதியாளர் சங்கங்களிடம் நான் கேட்பது, உங்கள் உறுப்பினர்களிடம் நீங்களே நாளைக்கே சொல்லக்கூடியவை. உரிகூலியைக் கவுண்ட் வாரியாகப் பிரித்து, பொடி இறாலுக்குக் கூடுதல் விகிதம் வைத்து, அந்தப் பட்டியலைத் தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் வாசலில் எழுதி வையுங்கள். எடை போட்டதும் ஒரு சீட்டு அவர்கள் கைக்குப் போகட்டும். ஏஜென்ட் மூலம் வந்தவரின் பெயரும் ஆலையின் பதிவேட்டில் ஏறி, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் அந்தப் பெயரில் இருக்கட்டும். காயத்தோடு வந்து அதைத் தானாகக் காட்டுபவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்புங்கள், அந்தக் கைநோயைத் தொழிலால் வந்த நோயாகப் பதியுங்கள். வாங்குபவருக்கு அனுப்பும் தணிக்கைக் கோப்பில் இவற்றையும் சேருங்கள். அவர்கள் கேட்கவில்லை என்பதற்காக நீங்கள் காட்டக் கூடாது என்றில்லை.

மூன்றாவதாக, இரு தரப்பினருக்கும் சேர்த்து ஒன்று. இந்த விவரங்களைச் சரிபார்க்க வருபவர்கள் முன்னறிவிப்போடு வர வேண்டாம். அறிவித்துவிட்டு வந்த நாட்களில் நாங்கள் எப்படித் தயாரானோம் என்பது எனக்குத் தெரியும். புதிய கையுறைப் பெட்டிகளைப் பிரித்து வைத்ததே நான்தான். காலை ஐந்தரைக்கு, வேன்கள் வந்து நிற்கும் நேரத்தில், தமிழும் ஒடியாவும் தெரிந்த ஒரு பெண் அலுவலரோடு வாருங்கள்.

தவணைத் தள்ளிவைப்பின் கெடு 2025 டிசம்பர் 31 வரைதான். அதை நீட்டிக்கவோ, வேறு உதவியாக மாற்றவோ கோரும் மனுக்கள் இப்போதே உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அந்தக் கோப்பில் கையெழுத்திடும் முன், மேலே சொன்ன முதல் கோரிக்கையை ஒரு பத்தியாக அதில் சேருங்கள். சேர்க்க முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை எழுத்தில் வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
இறால் பதனிடும் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் பணிபுரிந்த ஒருவர்
டிசம்பர் 2025